மூன்றாம் ஓலைக்கு முன் வந்த பெட்டி

அத்தியாயம் பதினொன்று

ராயபுரத்து மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் பேசியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் வந்து சொல்லலாம் என்று. மூன்றாம் ஓலை வாசித்து முடிந்தால்தான் கல்யாணம் உறுதி. அதுவரைக்கும் விவரம் தெரிந்த யாரும் பந்தல்காரனுக்கு அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள்.

பிராங்கிளின் கொடுத்தான். பந்தல்காரனுக்கு மட்டுமா? முதல் ஓலை வாசித்த அன்று மத்தியானமே பிரியாணிக்கு ஆடு பிடித்துக்கொண்டு வந்து வீட்டு வாசலில் கட்டிவிட்டான். இரண்டாம் ஓலையின்போது பெண் வீட்டுச் சித்தப்பா ஒருவர் கிளம்பி வந்து, மணப்பெண் ரூத்தின் ஞானஸ்நானச் சான்று அவளுடைய பழைய பங்குக் கோயிலிலிருந்து இன்னும் வந்து சேரவில்லையே என்று முட்டுக்கட்டை போட, கல்யாணம் தள்ளிப் போனது. பந்தல் நின்றது, மாப்பிள்ளை நின்றான், கல்யாணம் மட்டும் இல்லை. ஆடு மட்டும் அவன் அம்மா ஆலிஸின் பூந்தொட்டிகளைத் தின்று கொழுத்தது.

அதெல்லாம் ஒன்பது வருஷத்துக்கு முந்தைய கதை. ஆனாலும் தெருவில் இன்றைக்கும் அவனுக்கு 'ஓலைக்கு முந்தின பிராங்கி' என்றுதான் பேர். மனுஷன் கெட்டவன் இல்லை. குடி கிடையாது, கோள் கிடையாது. எதுவும் முடிவாகும் முன்னே போய் நிற்பான், அவ்வளவுதான். இந்த வாரம் அந்த ஒரு குணம்தான் அவன் குடியைக் கெடுக்கப் பார்த்தது.

ரூத் ஜெர்மனிக்குப் போவதற்கு அவன் கடைசியில் தலையாட்டிவிட்டதும், ஆட்டின தலை வேறு, மனசு வேறு என்பதும் கூடவே வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரூத் தண்டையார்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடித்து வந்து, சமைத்து, மகள் ரேச்சலுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்து, அதற்கு மேல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஜெர்மன் படித்து பாஸ் பண்ணியவள். இன்றைக்கு அந்த ஊர் ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளை வீடியோவில் நேர்காணல் செய்கிறார்கள். தேறினால் அவள் முதலில் போவாள், பின்னாலேயே புருஷனும் பிள்ளையும். மாமியார் ஆலிஸுக்கு இதில் துளியும் சம்மதம் கிடையாது. அதை மறைக்கிற வழக்கமும் அவளுக்குக் கிடையாது.

அப்புறம் அந்த வைஃபை பெட்டி.

ரூத்தின் வகுப்புக்கு என்று போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸில் பிராங்கிளின் அதை வாங்கினான். ஆசையாகத்தான் வாங்கினான், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். வைஃபையில் ஏழாம் தலைமுறை என்று ஒன்று வந்துகொண்டிருந்த நேரம். அதற்கான விதிகளை உலகத்து நிபுணர்கள் கூடிப் பேசி முடிக்கவில்லை, வரைவு மட்டும்தான் தயார். கம்பெனிகள் காத்திருக்குமா? வரைவை வைத்தே பெட்டியைச் செய்து கடைக்கு அனுப்பிவிட்டன. 'விதி முடிவானதும் மென்பொருளைப் புதுப்பித்துத் தருவோம்' என்று அட்டையில் எறும்பு எழுத்தில் ஒரு வரி.

கல்மண்டபத்துப் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜஹாங்கீர் பள்ளிக்கூடத்திலிருந்து அவனுக்கு தோஸ்து. அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டான்.

"மாமு, இது மூணாம் ஓல படிக்காத சரக்குடா. ரூல்ஸ் முடியட்டும், அப்பால எடு. இப்போதிக்கு ஆறாம் நம்பர் இட்டுனு போ, கல்லு மாரி ஓடும்."

"எல்லாரும் வாங்கினப்பறம் வாங்கறதுல இன்னாடா கீது?" என்றான் பிராங்கிளின். எட்டுக் கொம்பு முளைத்த அந்தக் கறுப்புப் பெட்டி அன்றைக்கே மாதா படத்துக்குப் பக்கத்து அலமாரியில் ஏறிவிட்டது.

ஒரு வருஷம் போல நன்றாகத்தான் ஓடியது. பிறகு விதி முடிவானது. பெட்டி செய்த கம்பெனி புது மாடல் ஒன்றை இறக்கிவிட்டு, முதலில் வாங்கின அவசரக்காரர்களைக் கைகழுவிவிட்டது. வீட்டில் இருந்த போனும் டிவியும் பழசு, அதனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நேர்காணலுக்கு என்று போன மாசம் ரூத் ஒரு புது லேப்டாப் வாங்கினாள். அது முடிவான விதிப்படி வந்தது. அதற்கும் பெட்டிக்கும்தான் ஒத்துப் போகவில்லை, சும்மா சும்மா இணைப்பு அறுந்து போனது.

"ஒண்ணியும் வோணாம், செட்டிங்ல போயி ஏழ அணைச்சிட்டு ஆறுல வச்சிடு, ஒயுங்கா ஓடும்" என்று ஜஹாங்கீர் சொல்லித்தான் இருந்தான். இரண்டு தட்டு தட்டுகிற வேலை. "ஏழுன்னு சொல்லி வாங்கிட்டு ஆறுல ஓட்டறதா?" என்று பிராங்கிளினுக்கு ரோஷம் வந்துவிட்டது. தெரு முழுக்க ஏழு ஏழு என்று சொல்லி வைத்திருந்தானே.

அன்று காலை ரூத் நீலச் சட்டை போட்டுத் தலையை இறுக வாரிக்கொண்டு, அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடந்தபடியே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி முனவுற? ஜெபமா?" என்றாள் ஆலிஸ், இட்லித் தட்டைக் கவிழ்த்துக்கொண்டே.

"இல்ல அத்த. பேஷண்டுக்கு மூச்சு முட்டுனா இன்னா பண்ணுவேன்னு கேப்பாங்களாம். ஜெர்மன்ல சொல்லிப் பாக்கறேன்."

"ஏன், ராயபுரத்துல எவனுக்கும் மூச்சு முட்டலியா? இங்கருந்து அங்க போயி அவுனுங்க மூச்சப் புடிச்சிகினு இருக்கணுமா? ஏழு வயசுப் புள்ளைய வுட்டுட்டு எந்தப் பொம்பளயாவது போவாளா?"

ரூத் சிரித்துவிட்டுப் போனாள். மாமியாரின் பேச்சு அவளுக்குப் பழகிப் போயிருந்தது. முகத்துக்கு நேரே குத்துகிற பேச்சில் ஒரு வசதி உண்டு, எங்கே வலிக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஷூ மாட்டிக்கொண்டிருந்த பிராங்கிளினிடம் வந்து நின்றாள்.

"பிராங்கி, நேத்து நர்மதா கூட பேசிப் பாத்தேன். நின்னு நின்னு வந்துச்சு. நான் அவ வூட்டுக்குப் போயிடட்டா? மாத்தூர்ல லைன் நல்லா கீதாம். அவளும் லீவுதான், வாடின்னு கூப்புடறா."

நர்மதா அவளுடன் வேலை பார்க்கிறவள். ஜெர்மன் வகுப்பிலும் கூட உட்கார்ந்தவள்.

பிராங்கிளினின் முகம் சுண்டிப் போனது. "இந்த ஏரியாவுலயே யார்கிட்டயும் இல்லாத பெட்டி நம்ம வூட்ல குந்திகினு கீது. இத வுட்டுட்டு மாத்தூருக்குப் போவியா? கேக்கறவன் சிரிப்பான்."

"சிரிச்சா சிரிக்கட்டும். எனக்கு இன்னிக்கு ஒரு நாளு பேஜாரு இல்லாம ஓடுனா போதும்."

"ஓடும்மா. நான் கேரண்டி. டியூட்டில இருந்தாலும் போன்ல பாத்துகினேதான் இருப்பேன். இன்னா ஆனாலும் அங்கருந்தே சரி பண்ணிடுவேன்."

அவள் ஒரு கணம் யோசித்தாள். மாத்தூருக்கு பஸ் ஏறி, வேறொருத்தி வீட்டுச் சுவருக்கு முன் உட்கார்ந்து பேசுவதைவிடத் தன் வீடு நிம்மதிதான். புருஷனும் ஆசையாகச் சொல்கிறான். "சரி, உன்ன நம்பறேன்" என்றாள்.

அந்த வார்த்தை அப்போது அவன் காதில் இனிப்பாகத்தான் விழுந்தது.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர்கள் இறங்கி ஏறும் ஒரு யார்டில் பிராங்கிளின் சூப்பர்வைசர். சரக்கை ஏற்றின பிறகு கதவை அடைத்து சீல் போடுவதைக் கூட நின்று பார்க்க வேண்டும். அவன் ஒப்புதல் இல்லாமல் ஒரு டிரெய்லரும் கேட்டைத் தாண்டாது. அன்றைக்கு அவன் கண் கதவிலும் இல்லை, சீலிலும் இல்லை, கையிலிருந்த போனில் இருந்தது.

பெட்டியோடு வந்த ஆப் அது. வீட்டில் எந்த போன், எந்த டிவி ஓடுகிறது என்று எண்ணூரிலிருந்தே பார்க்கலாம். ஓடுவது ஒன்றொன்றுக்கும் ஒரு பச்சைப் புள்ளி. வேண்டாததைத் தட்டினால் நின்றுவிடும். ரேச்சல் வீட்டுப்பாடம் எழுதாமல் கார்ட்டூன் பார்த்தால் இங்கிருந்தே அணைத்துவிட்டு, "அப்பாவுக்கு எண்ணூர்லருந்தே கண்ணு தெரியும்" என்று மிரட்டுவான். அதில் அவனுக்கு ஒரு பெருமை.

'ரூத் லேப்டாப்' என்ற பேருக்கு எதிரே புள்ளி பச்சையாக இருந்தது. நேர்காணல் ஆரம்பித்திருக்கும். பிராங்கிளின் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான்.

புள்ளி சாம்பல் நிறமானது. போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனான். சற்று நேரத்தில் தானாகவே பச்சைக்குத் திரும்பியது. அப்பாடா என்று மூச்சு விட்டான். மறுபடி சாம்பல்.

"அண்ணே, சீல் நம்பர் பாத்து சொல்லுங்க, பின்னால வண்டி க்யூ கட்டிகினு கீது" என்று பேக்கிங் பார்க்கும் ஜெயவேல் கூப்பிட்டான்.

"இரு நைனா, ஒரு நிமிஷம்."

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பிராங்கிளினுக்குப் பதறாமல் இருக்கத் தெரியாது. அந்தப் புள்ளியை இன்னும் கொஞ்சம் சும்மா விட்டிருந்தால் முன்னைப் போலவே தானாக வந்திருக்கும். உண்மையில், அவன் போனில் பச்சை காட்டுவதற்குள் வீட்டில் இணைப்பு திரும்ப வந்தும் விட்டது. ஆனால் 'இன்னா ஆனாலும் சரி பண்ணிடுவேன்' என்று வாக்குக் கொடுத்த கை சும்மா இருக்குமா? பெட்டியை மொத்தமாக அணைத்துத் திரும்ப எழுப்பும் பொத்தானைத் தேடி அழுத்தினான். 'எல்லா இணைப்பும் துண்டிக்கப்படும், சரிதானா' என்று ஆப் ஒரு கேள்வி கேட்டது. பாதி படிக்கும்போதே 'சரி' என்று தட்டிவிட்டான்.

எல்லாப் புள்ளியும் ஒன்றாகச் செத்தது. ரூத்துடையது, அம்மாவின் போன், ஹாலில் இருந்த டிவி, எல்லாம்.

அந்த வினாடி நெஞ்சுக்குள் ஏதோ ஒரு முடிச்சு தளர்ந்தது போல இருந்தது. அது என்ன என்று அவன் நின்று பார்க்கவில்லை. வீட்டுக்கு போன் போட்டான். ரூத் எடுக்கவில்லை. அம்மாவுக்குப் போட்டான்.

"பெட்டில லைட்டெல்லாம் அணைஞ்சி இப்ப செவப்பா மின்னுதுடா" என்றாள் ஆலிஸ். "ரூத்து நல்லாத்தான் பேசிகினு இருந்தா. இப்ப தலைல கைய வச்சிகினு குந்திகினு கீறா. நீ இன்னாடா பண்ணே?"

"நான் ஒண்ணும் பண்லம்மா" என்று வந்துவிட்டது வாயில். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் அது பொய்தான்.

பர்மிஷன் போட்டுவிட்டு பைக்கை எடுத்தான். திருவொற்றியூர் தாண்டும் வரைக்கும் டிரெய்லர்களுக்கு நடுவே ஊர்ந்து, ராயபுரம் வந்ததும் வண்டி வீட்டுப் பக்கம் திரும்பாமல் கல்மண்டபத்துப் பக்கம் திரும்பியது. வீட்டுக்குப் போக பயம். அதுதான் நிஜம்.

ஜஹாங்கீர் ஏதோ ஒரு கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தான். நடந்ததைக் கேட்டதும் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"பெட்டி மேல தப்பு கீது, இல்லேன்னு சொல்லல" என்றான். "உன் பெட்டி வரைவுல செஞ்சது. லேப்டாப்பு முடிஞ்ச ரூல்ஸ்ல செஞ்சது. ரெண்டும் கை குடுக்குது, கொஞ்ச நேரத்துல கைய வுட்டுடுது. அப்பால திரும்ப புடிச்சிக்குது. தங்கச்சி அத சமாளிச்சிகினு தான இருந்திருக்கு?"

"ஆமாடா."

"அப்பறம் நீ இன்னாத்துக்குடா நடுவுல பூந்தே? பெட்டி எயுந்து ஒக்காரவே அஞ்சாறு நிமிஷம் ஆவுமே."

பிராங்கிளின் மேஜையில் கிடந்த ஒரு திருகாணியை எடுத்து உருட்டினான்.

"ஆறுல வைன்னு எத்தினி வாட்டி சொன்னேன்? ரெண்டு தட்டு. வச்சியா?"

இல்லை என்று தலையை ஆட்டினான். அட்டைப்பெட்டியில் இருந்த ஒரு எண்ணுக்காக, தெருவில் நாலு பேரிடம் சொன்ன ஒரு பெருமைக்காக, பெண்டாட்டி இத்தனை நாள் கண் விழித்துப் படித்ததைக் காற்றில் விட்டுவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டான். காலையில் அவளை மாத்தூருக்குப் போக விட்டிருந்தால் போதும். ஆறில் வைத்திருந்தால் போதும். அதுவும் வேண்டாம், எண்ணூரில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் போதும். மூன்றில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை.

"ஒளிஞ்சிகினு இங்க நிக்காத மாமு" என்றான் ஜஹாங்கீர். "வூட்டுக்குப் போயி உள்ளத சொல்லு."

வீட்டில் நெத்திலி வறுத்த வாசனை. ஆலிஸ் தட்டை எடுத்து வைத்து மூடியிருந்தாள், யாரும் தொடவில்லை. ரூத் மூடின லேப்டாப்புக்கு முன் உட்கார்ந்திருந்தாள். அழுத முகமாக இருந்திருந்தால் அவனுக்குத் தேவலை. கண் காய்ந்து போயிருந்தது.

"ரெண்டு வாட்டி நின்னுச்சு" என்றாள், அவன் உட்காருவதற்கு முன்பே. "ரெண்டு வாட்டியும் அதுவா வந்துச்சு. கேள்வி கேட்ட அம்மா நல்ல மாரி. பரவால்ல, மெதுவா சொல்லுன்னாங்க. மூச்சு முட்டற கேள்வியேதான் கேட்டாங்க பிராங்கி. நான் பாதி சொல்லிட்டேன். அவங்க தலைய ஆட்டி ஆட்டி கேட்டுகினு இருந்தாங்க. அப்பதான் மொத்தமா போச்சு. என் போன்ல நெட்டு போட்டு திரும்ப உள்ள போறதுக்குள்ள அடுத்த ஆள கூப்டுட்டாங்க."

"ரூத்து..."

"மொதல் ரெண்டு வாட்டி எனுது மட்டுந்தான் நின்னுச்சு. அத்த போன்ல ஜெபம் ஓடிகினேதான் இருந்துச்சு, டிவியும் ஓடிச்சு. எனுது மட்டும் ஏன்?" அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ரேச்சலுக்கு கார்ட்டூன நிறுத்துவியே, அந்த மாரி என்ன நிறுத்திட்டியா?"

"ஐயோ, மாதா மேல சத்தியமா இல்ல!"

பெட்டி பழசானது, லேப்டாப் புதுசானது, வரைவு, முடிவு, ஏழு, ஆறு என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினான். கடைசியில் குரல் இறங்கி, மூன்றாம் தடவை அணைத்தது தான்தான் என்பதையும் சொன்னான்.

"சரி பண்ணத்தான் ரூத்து அழுத்துனேன். உனுக்கு குடுத்த வாக்குக்காகத்தான்."

"வாக்கா?" என்றாள் ரூத். "ஐசியூல புதுசா வர பொண்ணுங்களுக்கு மொதல்ல இன்னா சொல்லிக் குடுப்பேன் தெரியுமா? பேஷண்டு தானா மூச்சு வுட ஆரம்பிச்சிட்டா, நீ கைய வைக்காத, பக்கத்துல நின்னு பாருன்னுதான். பாத்துகினு நிக்க உன்னால முடியாதா?"

அடுப்படியிலிருந்து ஆலிஸ் வந்தாள். "போனது போச்சு வுடுடி. ஆண்டவரு சித்தம் அதுதான்னா நாம இன்னா பண்றது? வந்து ரெண்டு வாய் துன்னு."

"ஆண்டவரு எண்ணூர்ல குந்திகினு போன தட்ல அத்த" என்றாள் ரூத்.

ஆலிஸ் வாயை மூடிக்கொண்டாள். அவளை யாரும் அப்படி மூட வைத்ததில்லை.

ரூத் எழுந்து புருஷன் எதிரில் வந்து நின்றாள். குரலில் கோபம் இறங்கியிருந்தது. அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது.

"பெட்டிய பத்தி எனக்கு ஒண்ணும் சொல்லாத. அவசரத்துல அழுத்திட்டே, நம்பறேன். உன்ன எனக்குத் தெரியாதா, ஆட்ட கட்டிப் போட்டவன்தான நீ. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், அதுக்கு மட்டும் உண்மைய சொல்லு. எல்லாம் அணைஞ்சி போச்சே, அப்ப உனுக்கு சந்தோஷமா இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள், அல்லது நம்பினது போல் இருந்திருப்பாள். வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு பதில் சொன்ன பிராங்கிளினுக்கு இந்த ஒரு கேள்விக்கு நாக்கு எழவில்லை. எண்ணூரில் புள்ளிகள் செத்த அந்த வினாடி நினைவுக்கு வந்தது. தளர்ந்த முடிச்சு எது என்று இப்போது தெரிந்தது. அவள் போக மாட்டாள், ரேச்சலை இட்டுக்கொண்டு கோயிலுக்கு மூன்று பேருமாகப் போகலாம், எல்லாம் பழையபடி இருக்கும் என்று அந்த ஒரு வினாடி மனசு குளிர்ந்துதான் போனது.

"ஒரு நிமிஷம்" என்றான். "ஒரே ஒரு நிமிஷம். ஆமா."

ரூத் தலையை மெல்ல ஆட்டினாள். எதிர்பார்த்த பதில்தான். ஆனாலும் காதால் கேட்டபோது கண் நிறைந்துவிட்டது.

"வோணாம்னா வோணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னாடா?" என்று ஆலிஸ் வெடித்தாள். "நான் சொல்லல? தெனம் சொல்றேனே! அவளும் கேட்டுகினு தானே கீறா? போன்னு தலைய ஆட்டிட்டு உள்ளுக்குள்ள போவாதன்னு வேண்டிக்கறதுக்கு உன்ன நான் பெத்தனா?"

அந்த நேரத்தில் ரூத்தின் போன் அடித்தது. நேர்காணலை ஏற்பாடு செய்த ஏஜென்சிப் பெண். ரூத் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே அம்மாவும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

கதவு திறந்தபோது ரூத் கையில் ஒரு துணிப்பை இருந்தது. லேப்டாப்பை அதில் வைத்து, நீலச் சட்டைக்கு மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டாள்.

"இன்னா சொன்னாங்க?" என்று பதறினான் பிராங்கிளின்.

"பாதி சொன்னதே நல்லா இருந்துச்சாம். இன்னொரு வாட்டி பேசறேன்னுட்டாங்க."

"தேங்க் காட்! எப்போ? எத்தினி மணிக்கு?"

ரூத் செருப்பை மாட்டிக்கொண்டாள். "நர்மதா வூட்ல தங்கிக்கறேன். பேசி முடிச்சிட்டுதான் வருவேன். ரேச்சல ஸ்கூல்லருந்து நீ போயி இட்டுனு வா. கார்ட்டூன் பாத்தா பாக்கட்டும், நிறுத்தாத."

"எத்தினி மணிக்குன்னு சொல்லேன் ரூத்து."

அவள் அவனைப் பார்த்தாள். ஒன்பது வருஷத்தில் அவளிடம் அப்படி ஒரு பார்வையை அவன் பார்த்ததில்லை. வெறுப்பு இருந்தால் தெரிந்திருக்கும். அவள் ஒரு கதவை இழுத்துச் சாத்துவது போல மெதுவாகக் கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

"அத்த, பஸ் ஸ்டாப் வரைக்கும் வரீங்களா?"

ஆலிஸ் மூடி வைத்திருந்த நெத்திலியை ஒரு டப்பாவில் கொட்டி எடுத்துக்கொண்டு, மருமகள் கையிலிருந்த பையையும் வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் தெருமுனை திரும்பும் வரை பிராங்கிளின் வாசலிலேயே நின்றான்.

உள்ளே வந்து ஆப்பைத் திறந்தான். ஏழை அணைத்தான். ஆறில் வைத்தான். இரண்டே தட்டு. பெட்டி ஒரு சத்தமும் இல்லாமல் ஒப்புக்கொண்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். 'ரூத் லேப்டாப்' என்ற பேருக்கு எதிரே புள்ளி சாம்பலாகவே இருந்தது. மாத்தூருக்குப் போகிற பஸ்ஸில் இருக்கும் லேப்டாப்புக்கு ராயபுரத்துப் பெட்டி ஏழாக இருந்தால் என்ன, ஆறாக இருந்தால் என்ன.

அவன் அழுதான். சத்தமில்லாமல், பெட்டிக்கு முன்னாலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அழுதான். மாதா படத்துக்குப் பக்கத்தில் எட்டுக் கொம்போடு அது அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆலிஸ் திரும்பி வரும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டான். வெயிலில் நடந்த களைப்பில் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"பஸ் ஏறிட்டாளாம்மா?"

"ஏறிட்டா."

"உன்கிட்டயாவது சொன்னாளா? எப்போ பேசறாங்களாம்?"

"சொன்னா."

பிராங்கிளினுக்கு உயிர் வந்தது. "எப்போம்மா?"

ஆலிஸ் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். மருமகள் போகக் கூடாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள், மகனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"உனுக்கு சொல்ல மாட்டேன்டா."

"நான் இன்னாம்மா பண்ணிடப் போறேன்? கெட்டதா பண்ணப் போறேன்?"

"இல்ல நைனா" என்றாள் ஆலிஸ். "நல்லதுதான் பண்ணுவே. அதான் எனக்கு பயமா கீது."